அண்ணனுக்கு வந்த முதுகுவாதம் எனக்கும் வருமா?

கொங்குப் பகுதியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதிய கடிதம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒன்பது பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது.

வயது 33. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஐந்து வயதில் ஒரு மகன், சிசேரியனில் பிறந்தவன். விடியற்காலை நான்கு மணிக்கு இடுப்பு வலியில் விழிப்பு வந்துவிடுகிறது. சட்டென்று எழ முடியாது. ஒருக்களித்து, கட்டில் சட்டத்தைப் பிடித்து, காலைக் கீழே தொங்கவிட்டுத்தான் எழ முடியும். சமையலறையில் ஒரு மணி நேரம் வேலை செய்தால் உடம்பு இளகிவிடுகிறது. அதைப் பார்த்து மாமியார், “இப்ப நல்லாத்தானே நடக்கிறே?” என்கிறார். சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசிதான் காரணம் என்பது வீட்டாரின் தீர்ப்பு.

எலும்பு மருத்துவர் ஒருவர் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார். முதுகு எம்ஆர்ஐயில் ‘எல்4-எல்5 டிஸ்க் லேசான பிதுக்கம்’ என்று வந்ததால் பெல்ட்டும் ஓய்வும் சொன்னார். இன்னொருவர் ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பு முழுக்க வலிக்கும் நோய் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார். மூன்றாமவர் ‘வாதத்துக்கு’ என்று சனிக்கிழமை மட்டும் போடும் ஒரு மாத்திரையைக் கொடுத்தார். அது எட்டு மாதமாக ஓடுகிறது. போன மாதம்தான் ஒரு மூட்டுவாத நிபுணரைப் பார்த்திருக்கிறார். எச்எல்ஏ-பி27 என்ற மரபணு பாசிட்டிவ், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி நார்மல். “அண்ணனுக்கு இருக்கும் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகுவாத வகை நோயாக இருக்கலாம், இடுப்பு மூட்டுக்குத் தனியாக எம்ஆர்ஐ எடுங்கள், தேவைப்பட்டால் ஊசி போடலாம்” என்றிருக்கிறார்.

அண்ணனுக்கு 38 வயது. கழுத்து திரும்பாது. வண்டியை ரிவர்ஸ் எடுக்க உடம்பையே திருப்ப வேண்டும். அழற்சியைத் தடுக்கும் பயாலஜிக் வகை ஊசி போட்ட பிறகு நன்றாக இருக்கிறார்.

ஆசிரியையின் கேள்விகள்: இது ஆண்களுக்கு வரும் நோய்தானே? எக்ஸ்ரேயும் ரத்தமும் நார்மலாக இருக்கும்போது எப்படி நம்புவது? இன்னொரு எம்ஆர்ஐ பணம் பிடுங்கும் வேலையா? தை பிறந்ததும் இரண்டாவது குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்றிருக்கிறோம், செய்யலாமா? அண்ணனுக்குக் கேட்ட ஊசி எனக்கும் கேட்குமா?

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் அவசரம்.

முதலில் அந்தச் சனிக்கிழமை மாத்திரை

நீங்கள் அனுப்பிய மருந்துச் சீட்டின் படத்தைப் பார்த்தேன். அது மெத்தோட்ரெக்ஸேட். மறுநாள் போடச் சொன்ன சிறிய மாத்திரை ஃபோலிக் ஆசிட். கை கால் மூட்டுகளில் வரும் வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் அருமையான மருந்து. முதுகெலும்பு வாதத்துக்கு அது பலன் தருவதில்லை. அதைவிட முக்கியம், கருவுற்ற நேரத்தில் உடம்பில் இருந்தால் கரு கலையலாம், குழந்தைக்குப் பிறவிக் குறைகள் வரலாம். தடுப்பு முறை எதுவும் இல்லை என்றும், இந்த மாத்திரையை நிபுணரிடம் சொல்ல மறந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

வரும் சனிக்கிழமை அதைப் போடாதீர்கள். திடீரென்று நிறுத்துவதால் ஆபத்து எதுவும் இல்லை. மாதவிலக்கு ஒரு நாள் தள்ளிப்போயிருந்தாலும் வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். பாசிட்டிவ் என்றால் பதறாமல் அன்றே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். நெகட்டிவ் என்றால், நிறுத்திய நாளிலிருந்து 3 மாதம் கருத்தடை அவசியம். ஃபோலிக் ஆசிட் தொடரட்டும். எந்த அளவில் என்பதை மருத்துவர் சொல்வார். நிபுணரிடம் மறுமுறை போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

ஆக, தை கணக்கு கொஞ்சம் தள்ளிப்போகும். அந்த மூன்று மாதத்தை வீணாக்க வேண்டாம். என்னென்ன செய்யலாம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஊசிதான் காரணமா?

இல்லை. அதற்கு ஆதாரம் உங்கள் கடிதத்தின் ஆறாம் பக்கத்திலேயே இருக்கிறது. பி.எட். படிக்கும்போது விடுதியில் விடியற்காலை வலியில் எழுந்து வராந்தாவில் நடந்ததாகவும், ஒரு வாரம் வலது பின்பக்கம், அடுத்த வாரம் இடது பின்பக்கம் என்று மாறி மாறி வலித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்போது உங்களுக்கு 23 வயது. சிசேரியன் நடந்தது 28-ல். நோய் வந்து ஐந்து வருடம் கழித்துப் போட்ட ஊசியின் மேல் பழியைப் போட முடியுமா? முதுகில் மயக்க ஊசி போட்ட இடம் சில நாட்கள் வலிக்கலாம். அது வருடக்கணக்கான இடுப்பு வலியைத் தருவதில்லை. ஆனால் நம் ஊரில் பிள்ளை பெற்ற பெண்ணின் முதுகு வலி என்றாலே விசாரணை அந்த ஊசியோடு முடிந்துவிடுகிறது.

தேய்மான வலியும் டிஸ்க் வலியும் வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். அழற்சி வலி நேர்மாறானது. படுத்தால் இறுகும், நடந்தால் இளகும். இரவின் பின்பாதியில் எழுப்பிவிடும். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருக்கும். நாற்பது வயதுக்கு முன்பே, எப்போது வந்தது என்று தேதி சொல்ல முடியாதபடி மெல்ல ஆரம்பிக்கும். சமையலறையில் ஒரு மணி நேரத்தில் நீங்கள் சரியாகிவிடுவதை உங்கள் மாமியார் நடிப்புக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார். எனக்கு அதுதான் நோய்க்குச் சாட்சி.

எல்4-எல்5 பிதுக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். வலியே இல்லாத முப்பது வயதுக்காரர்கள் பலருக்கும் எம்ஆர்ஐ எடுத்தால் அது தெரியும். பெல்ட்டைக் கழற்றி வையுங்கள். ஓய்வு என்ற ஆலோசனை உங்களுக்குப் பொருந்தாது.

இன்னொன்று. இரண்டு வருடம் முன்பு ஒரு கண் மட்டும் சிவந்து, வெளிச்சம் பட்டால் வலித்ததாகவும், மெட்ராஸ் ஐ என்று மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கி மூன்று வாரம் அவதிப்பட்டதாகவும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மெட்ராஸ் ஐயில் பீளை கட்டும், உறுத்தும், பெரும்பாலும் இரண்டு கண்ணுக்கும் வரும், வீட்டில் இன்னொருவரையும் பிடிக்கும். ஒரே கண், வெளிச்சம் கூசுதல், உள்ளுக்குள் வலி, மங்கல் என்றால் அது யுவைட்டிஸ் என்ற உட்கண் அழற்சியாக இருக்கலாம். இந்த முதுகுவாதம் உள்ளவர்களில் சுமார் நால்வரில் ஒருவருக்கு அது எப்போதாவது வருகிறது. மறுபடி வந்தால் மெடிக்கலுக்குப் போகாதீர்கள். அன்றோ மறுநாளோ கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். விட்டால் பார்வை பாதிக்கும்.

‘ஆம்பிளைங்க நோய்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

மருத்துவர்களான எங்களிடமிருந்துதான். பழைய மருத்துவப் புத்தகங்களில் ஒரு பெண்ணுக்குப் பத்து ஆண்கள் என்று எழுதியிருந்தது. பிறகு மூன்று ஆண்கள் என்று ஆனது. நோயை உறுதி செய்ய 1984-ல் வகுத்த நியூயார்க் விதிகள், எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டு சிதைந்திருக்க வேண்டும் என்று கேட்டன. ஆண்களுக்கு அந்த மாற்றம் வேகமாக வரும். முதுகெலும்புகளுக்கு நடுவே எலும்புப் பாலம் கட்டி, தண்டு முழுதும் மூங்கில் கழி போல ஒட்டிக்கொள்வதும் அவர்களுக்கே அதிகம். உங்கள் அண்ணன் அந்த வகை. பெண்களுக்கு எலும்பு அவ்வளவு வேகமாகப் படிவதில்லை. பல வருடம் வலித்தாலும் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் தெரிந்தால்தான் நோய் என்று விதி வைத்தால், பெண்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள் அல்லவா?

2009-ல் ஏசாஸ் என்ற பன்னாட்டு மருத்துவர் குழு விதிகளை மாற்றியது. எம்ஆர்ஐயில் அழற்சி தெரிந்தாலும், அல்லது பி27 மரபணுவோடு நோயின் மற்ற அடையாளங்கள் இருந்தாலும் இந்த நோய்க் குடும்பத்தில் சேர்க்கலாம் என்றது. ‘ஆக்ஸியல் ஸ்பாண்டிலோஆர்த்ரைட்டிஸ்’ என்பது அந்தக் குடும்பப் பெயர். அதில் எக்ஸ்ரே மாற்றம் இல்லாத பிரிவை எடுத்துக்கொண்டால் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட சரிபாதி.

பெண்களுக்கு வலி இடுப்போடு நிற்பதில்லை. கழுத்து, தோள்பட்டைக்கு நடுவே, விலா, குதிகால் என்று பரவும். முழங்கால் வீங்கலாம். சோர்வு ஆண்களைவிட அதிகம். சிஆர்பி பல நேரம் உயராது. உடம்பு முழுக்க வலி, ரத்தம் நார்மல், படம் நார்மல் என்றால் சீட்டில் ஃபைப்ரோமயால்ஜியா என்று விழுந்துவிடுகிறது. அந்த மருத்துவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பயிற்சிக் காலத்தில் நானே ஒரு கல்லூரி மாணவியை சிஆர்பி நார்மல் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நான்கு வருடம் கழித்து இரண்டு இடுப்பு மூட்டும் கெட்டு வந்தார். ஃபைப்ரோமயால்ஜியா பொய் நோயும் அல்ல. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கலாம். அப்படி இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக மருந்து வேண்டும்.

உடம்பின் வேறுபாடு இவ்வளவு. மிச்சம் வீட்டின் வேறுபாடு. அண்ணனுக்கு வலி வந்தபோது அப்பா வேலைக்கு லீவு போட்டு கோயம்புத்தூர் அழைத்துப் போனார். உங்களுக்கு வந்தபோது, “கல்யாணம் ஆனா சரியாயிடும்.” ஐரோப்பிய ஆய்வுகளிலும் பெண்களுக்கு நோயைக் கண்டுபிடிக்க ஆண்களைவிடச் சுமார் இரண்டு வருடம் கூடுதலாக ஆகிறது. உங்களுக்குப் பத்து வருடம் ஆகியிருக்கிறது.

எம்ஆர்ஐ வீண் செலவா?

இல்லை. நீங்கள் முன்பு எடுத்தது நடு முதுகுக்குக் கீழ்ப்பகுதி, டிஸ்க்கைப் பார்ப்பதற்காக. நோய் ஆரம்பிக்கும் இடம் அதற்கும் கீழே. இடுப்பின் பின்பக்கம் இரண்டு சின்னக் குழி விழுமே, அதற்கு அடியில் இருக்கும் சேக்ரோஇலியாக் மூட்டு. ஸ்கேன் சீட்டில் ‘இரு எஸ்ஐ மூட்டுகள், ஸ்டிர் படங்களுடன்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிர் வகைப் படத்தில்தான் எலும்புக்குள் இருக்கும் அழற்சி வெள்ளையாகத் தெரியும். சாயம் ஏற்றும் ஊசி பெரும்பாலும் தேவையில்லை.

இப்போது எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்கள் அந்த மூட்டில் இயல்பாகவே நீர் கோத்தது போலத் தெரியும். அப்போது எடுத்தால் நோயா, பிரசவத்தின் சுவடா என்று பிரிப்பது கஷ்டம். உங்கள் மகனுக்கு ஐந்து வயது ஆகிவிட்டதால் அந்தக் குழப்பம் இப்போது இல்லை. கையில் பணம் இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எடுத்துக்கொள்ளலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டுவாதத்துக்குத் தனித் துறையே இருக்கிறது.

எம்ஆர்ஐ நார்மலாக வந்தால்? நோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. உங்கள் கதை, கண், அண்ணன், பி27 எல்லாம் ஒரு பக்கமாகத்தான் சாய்கின்றன. ஆனால் ஊசிக்கு அவசரப்பட மாட்டேன். பி27 மட்டுமே நோய் ஆகாது. 1973-ல் இந்த மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது உள்ளவர்களில் பெரும்பாலானோர் ஆயுள் முழுக்க நலமாகவே இருப்பார்கள். அதனால்தான் மகனுக்கு இப்போது அந்தப் பரிசோதனை வேண்டாம் என்கிறேன். அவனுக்கு அது வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தெரிந்து என்ன செய்யப் போகிறோம்? பெரியவனாகி, விடியற்காலை இடுப்பு வலி என்று சொன்னால் அப்போது தாமதிக்காமல் காட்டினால் போதும்.

அண்ணன் ஊசி தங்கைக்குக் கேட்குமா?

கேட்கலாம். ஆனால் அதே வேகத்தில் கேட்கும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். அண்ணன் போடுவது அடாலிமுமாப், டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் ஊசி. இந்த வகை மருந்துகள் சராசரியாகப் பெண்களுக்குச் சற்றுக் குறைவாகவே வேலை செய்கின்றன. பாதியில் நிறுத்துவோரும் மாற்றுவோரும் பெண்களில் அதிகம். சிஆர்பி உயர்வும் எம்ஆர்ஐ அழற்சியும் இருப்பவர்களுக்கு நன்றாகக் கேட்கும். இரண்டும் இல்லாவிட்டால் பலன் குறையும். அந்த எம்ஆர்ஐக்கு நான் இவ்வளவு மன்றாடுவது இதற்காகவும்தான்.

அதற்கு முன் ஒரு படி இருக்கிறது. இந்த நோய்க்கு வலி மாத்திரைதான் முதல் மருந்து. அது அழற்சியையே குறைக்கும். நீங்கள் எட்டோரிகாக்ஸிப் 90 மி.கி.யை வலி தாங்காத நாளில் மட்டும் போட்டு, “ஒரே நாளில் பாதி வலி போய்விடுகிறது, ஆனால் கிட்னி போய்விடும் என்று பயம்” என்கிறீர்கள். அப்படி ஒரே நாளில் கேட்பதும் இந்த நோயின் ஓர் அடையாளம். பயத்திலும் நியாயம் உண்டு. ரத்த அழுத்தம், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்த்து, வயிற்றுப் புண் இல்லை என்று உறுதி செய்து, மருத்துவர் சொல்லும் முழு அளவில் தினமும் இரண்டு முதல் நான்கு வாரம் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று கேட்காவிட்டால் இன்னொன்று. இரண்டும் கேட்காத பிறகுதான் ஊசியைப் பற்றிப் பேச்சு. ஊசி என்று முடிவானால் காசநோய் உள்ளே உறங்குகிறதா என்று நெஞ்சு எக்ஸ்ரேயும் மாண்டூ அல்லது இக்ரா பரிசோதனையும் கட்டாயம். நம் நாட்டில் அதைத் தாண்டிப் போகவே கூடாது.

இப்போது அந்த மூன்று மாதக் கணக்குக்கு வருவோம். மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறட்டும். அதற்குள் எம்ஆர்ஐ, வலி மாத்திரைச் சோதனை, காசநோய்ப் பரிசோதனை எல்லாம் முடிந்துவிடும். எது உங்களுக்குக் கேட்கிறது என்று தெரிந்துகொண்டு கர்ப்பத்துக்குள் போகலாம்.

இரண்டாவது குழந்தை

தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். கை மூட்டு வாதம் கர்ப்ப காலத்தில் பலருக்கு அடங்கும், இந்த முதுகுவாதம் பொதுவாக அடங்குவதில்லை. அதனால் மருந்தில்லாமல் பல்லைக் கடித்து ஓட்டிவிடலாம் என்று திட்டமிடாதீர்கள்.

முயற்சி ஆரம்பிக்கும்போது எட்டோரிகாக்ஸிப்பை நிறுத்த வேண்டும். இந்த மாத்திரைகள் முட்டை வெடித்து வெளியேறுவதைத் தள்ளிப்போடலாம், கர்ப்பத்தில் எட்டோரிகாக்ஸிப் கூடவே கூடாது. மற்ற வலி மாத்திரைகளையும் 20 வாரத்துக்கு மேல் தவிர்ப்பது நல்லது. டிஎன்எஃப் ஊசியைப் பொறுத்தவரை, உங்கள் பயத்துக்கு மாறாக, கர்ப்பத்தில் தொடரக்கூடிய மருந்துகளில் அதுவும் ஒன்று. அடாலிமுமாப் என்றால் நோய் அடங்கியிருக்கும்போது சுமார் 28 வாரத்தோடு நிறுத்துவது வழக்கம். நோய் பொங்கினால் தொடரலாம். ஆனால் கடைசி மாதங்களில் போட்டிருந்தால், பிறந்த குழந்தைக்கு பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியை ஆறு மாதம் தள்ளிவைக்க வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளில் பிறந்த அன்றோ மறுநாளோ நர்ஸ் வந்து பிசிஜி போட்டுவிடுவார். அதனால் பிரசவ ஃபைலின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், குழந்தை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

இந்த நோய் இருக்கிறது என்பதற்காகவே மறுபடி சிசேரியன் தேவையில்லை. முதல் சிசேரியனின் தழும்பை வைத்து மகப்பேறு மருத்துவர் முடிவு செய்வார். செய்ய வேண்டி வந்தால், அந்த முதுகு ஊசியைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கணவர் வர வேண்டும்

“அவர் திட்டுவதில்லை, நம்புவதுமில்லை” என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை அவரைக் கட்டாயம் அறைக்குள் கூட்டிப் போங்கள். நிபுணர் உங்கள் இடுப்பில் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, குனியச் சொல்லி, டேப் பிடித்து அளப்பார். குனியும்போது அது பதினைந்துக்கு மேல் விரிய வேண்டும். அந்த டேப்பின் மறுமுனையை அவரைப் பிடிக்கச் சொல்லலாம். பெண்களுக்கு அளவு நார்மலாகவும் வரலாம். வந்தால் அதன் பொருள் என்ன என்பதையும் அவர் மருத்துவர் வாயாலேயே கேட்கட்டும்.

போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு விழிப்பு, விறைப்பு எத்தனை நிமிடம், மாத்திரை போட்டதா இல்லையா. காலையில் சுவரில் குதிகால், பின்பக்கம், தலை மூன்றும் ஒட்டும்படி ஐந்து நிமிடம் நில்லுங்கள். மாலையில் குப்புறப் படுத்துப் பதினைந்து நிமிடம். உயரமான தலையணை வேண்டாம். வகுப்பில் ஒரு பீரியட் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதைவிட வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே சொல்லிக்கொடுங்கள்.

அண்ணனுக்கும் ஒரு சேதி. ஒட்டிப்போன முதுகெலும்பு சுண்ணக்கட்டி மாதிரி, சின்ன விழுதலிலும் உடையும். சொடக்கு எடுக்கிறேன், மிதித்து விடுகிறேன் என்று யார் வந்தாலும் முதுகைக் காட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.